சேர்க்கைப் படிவத்தில் போட்ட கையெழுத்து மாத்திரைக்கான சம்மதம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அல்சூர், சிவாஜிநகர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் என்று பெங்களூருவில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களிலும், வேலைக்காக வந்து ஒயிட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் குடியேறியவர்கள் ஊரிலிருந்து அழைத்து வந்த பெற்றோரிடமும் டிமென்ஷியா என்னும் மறதிநோயை இன்று அடிக்கடி பார்க்கிறோம். 60 வயது கடந்த இந்தியரில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர், இந்நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு கணித்தது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாத கட்டம் வரும்போது பராமரிப்பு இல்லத்தை நாடுவதில் எந்தத் தவறும் இல்லை. அங்கே கொடுக்கப்படும் மனநல மருந்துகளுக்கு யாருடைய சம்மதம், எப்படிப் பெறப்படுகிறது என்பது பற்றித்தான் இக்கடிதம்.

சேர்க்கும் அன்று குடும்பத்தாரிடம் ஒரு கட்டுத் தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். முன்பணம், மாதக் கட்டணம், நகைக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனைகளுக்கு நடுவே, 'தேவைப்படும் எந்தச் சிகிச்சையையும் அளிக்கச் சம்மதிக்கிறேன்' என்று ஒரு வரி இருக்கும். சில வாரம் கழித்துப் போனால் அம்மா பகலெல்லாம் தூங்கி வழிகிறார்; வாயோரம் எச்சில் வடிகிறது; ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், "டாக்டர் ஒரு மாத்திரை சேர்த்திருக்கார், இப்ப தொந்தரவே இல்ல" என்று பதில் வருகிறது. மாத்திரையின் பெயர் என்ன, எத்தனை மில்லிகிராம், எதற்காக, எதுவரை என்று யாரும் சொல்லவில்லை. சம்மதம் எங்கே என்றால் அந்த ஒரு வரியைக் காட்டுகிறார்கள்.

அந்த வரி போதாது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சம்மதத்துக்குத் தெளிவான வரையறை தருகிறது: குறிப்பிட்ட ஒரு சிகிச்சைக்கு, வற்புறுத்தலோ மிரட்டலோ தவறான தகவலோ இல்லாமல், அதன் நன்மை, ஆபத்து, மாற்று வழிகள் ஆகியவற்றை அந்த நபருக்குப் புரியும் மொழியிலும் விதத்திலும் சொன்ன பிறகு பெறுவதுதான் சம்மதம். எந்த மருந்து என்றே தெரியாத நாளில் வாங்கிய கையெழுத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதத்தை வேறொரு சிகிச்சைக்கு நீட்டிக்க முடியாது என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2008-லேயே சொல்லியிருக்கிறது.

'எங்களுடையது முதியோர் இல்லம்தான், மனநல மருத்துவமனை இல்லை' என்று சில இல்லங்கள் வாதிடுவதுண்டு. நினைவு, இடம்-காலம் அறியும் திறன் ஆகியவற்றில் ஏற்படும் கடுமையான கோளாறையும் மனநோய் என்ற வரையறைக்குள் சட்டம் கொண்டுவருகிறது. அப்படிப்பட்டவர்களைத் தங்க வைத்துப் பராமரிக்கும் இடத்தை மனநல நிலையமாகப் பதிவு செய்யச் சொல்வதும் அதே சட்டம்தான். வாசலில் மாட்டிய பலகையை வைத்து இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்பது எங்கள் உறுதியான கருத்து. அப்படியே பதிவு பற்றிய வாதம் நீடித்தாலும், மருந்து எழுதும் மருத்துவர் விளக்கிச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டிய கடமை எந்தக் கட்டடத்திலும் மாறாது.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இந்த மருந்துகளின் தன்மை. ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், குவெட்டியாபின், ஹாலோபெரிடால் ஆகியவை மனச்சிதைவு போன்ற நோய்களுக்கென வந்தவை. மறதிநோய் உள்ள முதியோருக்குக் கொடுத்துப் பார்த்த 17 ஆய்வுகளை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தொகுத்துப் பார்த்தபோது, சுமார் 10 வாரத்தில் மருந்து எடுத்தவர்களில் 4.5 சதவீதமும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதமும் இறந்திருந்தார்கள். பெரும்பாலும் இதயக் கோளாறு அல்லது நிமோனியா. 2005-ல் புதிய வகை மருந்துகளின் விவரக் குறிப்பிலும், 2008-ல் பழைய வகைகளின் குறிப்பிலும் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. பக்கவாத ஆபத்தும் கூடுகிறது. பிரிட்டன் அரசுக்காக 2009-ல் தயாரான அறிக்கை, அந்நாட்டில் சுமார் 1,80,000 மறதிநோயாளிகள் இம்மருந்துகளை எடுக்கிறார்கள், அவர்களில் பலன் பெறுவோர் 36,000 வரை இருக்கலாம், இதனால் ஆண்டுக்கு 1,800 மரணங்கள் கூடுதலாக நேர்கின்றன என்று கணக்கிட்டது.

இந்த மருந்தே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பக்கத்தில் வருபவரையெல்லாம் அடிக்கிறார், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறார், இல்லாத ஆளைப் பார்த்து நாள் முழுக்க அலறுகிறார் என்றால், குறைந்த அளவில், குறைந்த காலத்துக்குக் கொடுப்பது நியாயமே. ரிஸ்பெரிடோன் என்றால் வழக்கமாக 0.25 மி.கி.யில் தொடங்குவார்கள், பலருக்கு நாளொன்றுக்கு 1 மி.கி. வரையே போதும். பிரிட்டனில் அல்சைமர் நோயாளியின் தீராத ஆக்ரோஷத்துக்கு இதைக் கொடுக்க அனுமதி உண்டு, அதுவும் 6 வாரம் வரைதான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2016 வழிகாட்டுதல், சரியான அளவில் 4 வாரம் கொடுத்தும் பலன் இல்லையென்றால் குறைத்து நிறுத்தச் சொல்கிறது. பலன் இருந்தாலும் 4 மாதத்துக்குள் குறைத்துப் பார்க்கச் சொல்கிறது. நம் இல்லங்களில் ஒருமுறை எழுதிய மாத்திரை அடுத்தடுத்த மாதச் சீட்டில் அப்படியே நகலாகி வருடக்கணக்கில் ஓடுவதுதான் நடைமுறை. தொடர்ந்து கொடுப்பதா, நிறுத்துவதா என்று இரு பிரிவாகப் பிரித்துப் பார்த்து 2009-ல் வெளியிட்ட பிரிட்டிஷ் ஆய்வில், 24 மாத முடிவில் தொடர்ந்தவர்களில் 46 சதவீதமும் நிறுத்தியவர்களில் 71 சதவீதமும் உயிரோடிருந்தார்கள்.

எதற்குக் கொடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். 'வீட்டுக்குப் போகணும்' என்று வாசலுக்குப் போவது, ஓயாமல் நடப்பது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, சேலையை அவிழ்ப்பது, பொருளை எடுத்து ஒளித்து வைப்பது ஆகியவற்றுக்கு இம்மருந்துகள் வேலை செய்வதில்லை. தூங்க வைத்துவிடுவதால் குறைந்தது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

அடம், கூச்சல், அடி என்று திடீரெனத் தொடங்கினால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். சிறுநீர்த் தொற்று, நாலைந்து நாளாக மலம் போகாதது, சிறுநீர் அடைத்துக்கொண்டு அடிவயிறு உப்பியிருப்பது, பல் வலி, மூட்டு வலி, சோடியம் குறைவு, தண்ணீர் போதாமை, பேட்டரி தீர்ந்த காது மெஷின் என்று காரணங்கள் பெரும்பாலும் கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கும். நார்வேயில் 352 பேரிடம் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வில், பாராசிட்டமாலில் தொடங்கிப் படிப்படியாக வலிக்குச் சிகிச்சை கொடுத்ததிலேயே 8 வாரத்தில் கொந்தளிப்பு கணிசமாகக் குறைந்தது.

பெங்களூரு இல்லங்களில் இன்னொரு காரணமும் இருக்கிறது. மறதிநோய் முற்ற முற்றப் பிற்காலத்தில் கற்ற மொழிகள் நழுவி, பலருக்குத் தாய்மொழி மட்டுமே மிஞ்சுகிறது. நாற்பது வருடம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அலுவலகம் நடத்தியவர்கூடத் தமிழில்தான் பேசுவார். இரவுப் பணியில் இருப்பவரோ ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த இளம்பெண். அவருக்கு இந்தி தெரியும், கொஞ்சம் கன்னடம் தெரியும். "ஒண்ணுக்கு வருது, கூட்டிட்டுப் போ" என்று பாட்டி நாலு தரம் சொல்வார். புரியாது. எழுந்திருக்கப் பார்ப்பார், விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் பிடித்து உட்கார வைப்பார்கள், அவர் கையைக் கடிப்பார். மறுநாள் கேஸ் ஷீட்டில் 'ஆக்ரோஷமாக இருக்கிறார்' என்று ஏறும், மாத்திரையும் ஏறும். அந்தப் பணிப்பெண் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. பாட்டி வழக்கமாகச் சொல்லும் இருபது முப்பது சொற்களை இந்தி எழுத்திலும் கன்னட எழுத்திலும் எழுதிக் கட்டில் பக்கத்தில் ஒட்டி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். குடும்பத்தார் முதல் நாளே செய்துகொடுக்கக்கூடிய வேலை இது.

மருந்தே கோளாறை உண்டாக்கி, அந்தக் கோளாறுக்கு மேலும் மருந்து சேரும் விபரீதத்தையும் சொல்லியாக வேண்டும். இம்மருந்துகள் சிலருக்கு உட்கார முடியாத உள்தவிப்பை உண்டாக்கும். அவர் எழுந்து எழுந்து நடப்பார். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து அளவைக் கூட்டுவார்கள், தவிப்பும் கூடும். இன்னும் சிலருக்கு நடுக்கமும் விறைப்பும் வரும். அதற்கு டிரைஹெக்சிபெனிடில் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார்கள். மூளையின் நினைவு வேலைக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளையே தடுப்பது அது. குழப்பம் அதிகரிக்கும், மலச்சிக்கலும் சிறுநீர் அடைப்பும் வரும், மீண்டும் கூச்சல் தொடங்கும். ரிஸ்பெரிடோனும் டிரைஹெக்சிபெனிடிலும் ஒரே மாத்திரையில் சேர்ந்தே இங்கே விற்கப்படுகின்றன. மாத்திரை அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இரண்டு பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். லூயி பாடி வகை மறதிநோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது; ஹாலோபெரிடால் சிறிதளவு கொடுத்தாலே உடல் விறைத்து உயிருக்கே உலை வைக்கலாம். கண்ணுக்கு முன் ஆட்களும் பிராணிகளும் தெளிவாகத் தெரிவதாகச் சொல்கிறார், ஒருநாள் தெளிவு மறுநாள் மயக்கம் என்று மாறுகிறார், நடை பார்க்கின்சன் போல இருக்கிறது என்றால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எந்த வகை நோயானாலும், மருந்து தொடங்கியபின் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் சேர்ந்து வந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, முறையான சம்மதம் எப்படி இருக்க வேண்டும்? ஒவ்வொரு மனநல மருந்துக்கும் தனித்தனியாக ஒரு பக்கம் போதும். கடைப் பெயரோடு மருந்தின் மூலப் பெயர், மில்லிகிராம், வேளை. எந்த நடத்தைக்காக என்பது 'தொந்தரவு' என்ற ஒற்றைச் சொல்லாக இல்லாமல், 'குளிப்பாட்டும்போது அடிக்கிறார், வாரத்தில் நான்கு நாள்' என்று எழுதப்பட வேண்டும். அப்படி எழுதினால்தான் ஒரு மாதம் கழித்துக் குறைந்ததா என்று பார்க்க முடியும் (அந்த ஒரு வரியே பல சமயம் தீர்வையும் காட்டிவிடும்: தண்ணீர் சூடு போதவில்லை, ஆண் பணியாளர் குளிப்பாட்டுகிறார் என்று). அதற்கு முன் என்னென்ன செய்து பார்த்தார்கள், சிறுநீர்ப் பரிசோதனை எடுத்தார்களா, ஈசிஜி எடுத்தார்களா என்பது அடுத்து. பிறகு ஆபத்துகள், மரண ஆபத்து உட்பட, எண்ணோடு. மருந்து கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் நேர்மையாக இருக்க வேண்டும். 4 வாரத்துக்குள் மறுபரிசீலனைத் தேதி. விளக்கியவர் யார், எந்த மொழியில் விளக்கினார். அளவைக் கூட்டினால் புதிய பக்கம்.

இந்தப் பக்கத்தில் நோயாளிக்கும் ஓர் இடம் உண்டு என்பதைக் குடும்பங்களும் மறந்துவிடுகின்றன. மறதிநோய் என்ற பெயர் வந்துவிட்டதாலேயே ஒருவர் முடிவெடுக்கும் தகுதியை இழப்பதில்லை. சொன்னது புரிகிறதா, அதன் விளைவு தெரிகிறதா, தன் முடிவைப் பேச்சாலோ சைகையாலோ சொல்ல முடிகிறதா என்று சட்டத்தின் 4-வது பிரிவு பார்க்கச் சொல்கிறது. ஒரு விஷயத்துக்கு முடியாதவரால் இன்னொன்றுக்கு முடியும். மாலையில் முடியாதவரால் காலையில் முடியும். காபி குடித்து முடித்த நேரம், கண்ணாடி போட்டு, காது மெஷின் மாட்டி, டிவியை அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து சின்னச் சின்ன வாக்கியமாகத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "இந்த மாத்திரை கோபத்தைக் குறைக்கும். ஆனா தூக்கம் வரும், தள்ளாடும். போட்டுக்கிறீங்களா?" அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். அவரால் முடிவெடுக்க இயலாது என்றால் அதற்கான காரணமும் எழுத்தில் வர வேண்டும்.

அவருக்குப் பதில் சம்மதம் தருபவர் யார் என்பதில்தான் வீடுகளில் சண்டை வருகிறது. மூத்த மகன் என்பதாலோ மாதக் கட்டணம் கட்டுபவர் என்பதாலோ அந்த உரிமை தானாக வருவதில்லை. நோயின் தொடக்கத்தில், நல்ல தெளிவு இருக்கும்போதே, வெறும் வெள்ளைத் தாளில் இன்னாரை என் நியமனப் பிரதிநிதியாக நியமிக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் 14-வது பிரிவின்படி அது செல்லும், முத்திரைத்தாள் தேவையில்லை. மகன் நியூ ஜெர்சியில் இருந்தால் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டுவது சம்மதம் ஆகாது. மருத்துவர் வீடியோ அழைப்பில் விளக்கி, அதை இல்லத்து ஊழியர் ஒருவர் சாட்சியாகப் பதிந்து, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிக் கையெழுத்தோடு திரும்பப் பெறுவதில் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை.

அவசரநிலைக்குச் சட்டம் வழி விட்டிருக்கிறது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்றால் பதிவு பெற்ற எந்த மருத்துவரும் சிகிச்சை தரலாம். பிரதிநிதி கிடைத்தால் அவரிடம் கேட்டுவிட்டுத் தர வேண்டும். 72 மணி நேரம்தான் எல்லை. அன்றிரவு போட்ட ஊசி, மறுநாள் முதல் தினசரி மாத்திரை தொடங்க அனுமதி ஆகிவிடாது. சார்ட்டில் 'எஸ்.ஓ.எஸ்.' (தேவைப்பட்டால் மட்டும்) என்று எழுதி நர்ஸ் விருப்பத்துக்கு விடும் வழக்கத்துக்கும் வரம்பு வேண்டும். அமெரிக்க இல்லங்களில் இத்தகைய தேவைக்கேற்ற மனநல மருந்து உத்தரவுக்குப் பொதுவாக 14 நாள் வரம்பு உண்டு.

மாத்திரையைத் துப்புகிறார் என்று இட்லியிலோ வாழைப்பழத்திலோ பொடித்துக் கலந்து கொடுப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. முடிவெடுக்கும் தகுதி உள்ளவருக்கு இப்படிச் செய்வது எந்த நிலையிலும் தவறு. தகுதி இல்லாதவருக்கும், மருத்துவரும் பிரதிநிதியும் கூடிப் பேசி எழுத்தில் எடுத்த முடிவாக மட்டுமே இருக்க வேண்டும். எல்லா மாத்திரையையும் பொடிக்கவும் முடியாது: பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்றிருப்பவை மெல்ல மெல்லக் கரைய வேண்டியவை. பொடித்தால் முழு அளவும் ஒரேயடியாக உடம்பில் இறங்கும்.

ஏற்கெனவே மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிட வேண்டாம். முதலில் மருந்து சார்ட், மருத்துவர் குறிப்பு இரண்டின் நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ நெறிமுறை விதி. தொடங்கிய தேதியையும் காரணத்தையும் பார்த்துவிட்டு, குறைத்துப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குறைந்த அளவில் இருப்பவருக்குப் பாதியாக்கி இரண்டு வாரம் கவனித்து அடுத்த படிக்குப் போவது ஒரு வழக்கமான முறை. நிறுத்திய பிறகும் நான்கு மாதம் மாதாமாதம் பார்க்க வேண்டும். குளோனசெபாம், லோராசெபாம், அல்பிரசோலாம் போன்ற பதற்ற, தூக்க மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம் என்பதால் அவற்றை இன்னும் மெதுவாகக் குறைக்க வேண்டும். விளக்கம் கிடைக்காவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு நோயாளியோ பிரதிநிதியோ மனுச் செய்யலாம், கட்டணம் இல்லை. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-லும் முதியோர் உதவி எண் 14567-லும் வழிகாட்டுதல் கேட்கலாம்.

கர்நாடக மாநில மனநல ஆணையத்திடம் எங்கள் கோரிக்கை இரண்டு. மேலே சொன்ன ஒரு பக்கப் படிவத்தைக் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி, மலையாளம், ஆங்கிலம் ஆகியவற்றில் ஆணையமே அச்சிட்டு எல்லா இல்லங்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும். பதிவு கொடுக்கும்போதும் ஆய்வுக்குப் போகும்போதும் கட்டில் இடைவெளியையும் தீயணைப்புச் சான்றிதழையும் பார்ப்பதோடு, தாங்களே தேர்ந்தெடுக்கும் சில முதியோரின் மருந்து சார்ட்டை எடுத்து, ஒவ்வொரு மனநல மருந்துக்கும் சம்மதப் பக்கமும் மறுபரிசீலனைத் தேதியும் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இல்லாத இடத்தில் 30 நாள் அவகாசம் கொடுத்து மீண்டும் வந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
முதியோர் மனநலச் செவிலியம், மருந்தியல், சமூகப்பணித் துறைகளில் பணிபுரியும் தமிழர் சிலர்,
பெங்களூரு.